துணையால் அறியப்படும் வலிமை

ஜப்பான் தேசத்தில் தோக்கியோ நகரின் புறப்பகுதியில் வளர்ந்த சதோஷி தஜிரி என்பவர், சிறுவயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேகரித்ததில் தாம் கண்ட இன்பத்தைப் பிற்காலத்துக் குழந்தைகளும் அனுபவிக்க வேண்டும் என்னும் ஆசையால் உருவாக்கிய போகிமான் என்னும் வீடியோ விளையாட்டு, 1996ஆம் ஆண்டில் கேம்பாய் என்ற சிறு கருவியிலே வெளிவந்தது. விசித்திரமான பிராணிகளைப் பிடித்துப் பழக்கி, மற்றவர்களுடைய பிராணிகளோடு பொருதவிடுவதே அதன் சாரம். ஆரம்பத்தில் பக்கத்துக்கு ஒரு பிராணியாகவே போர் நடந்தது. 2002ஆம் ஆண்டில் வந்த ரூபி, சபையர் என்னும் பதிப்புகளில்தான், பக்கத்துக்கு இரண்டு பிராணிகள் ஒரே சமயத்தில் களத்தில் நிற்கும் ஜோடிப் போர் அறிமுகமாயிற்று. 2009ஆம் ஆண்டில் ஆரம்பமான இவ்விளையாட்டின் உலகச் சாம்பியன் போட்டி, இந்த ஜோடிப் போரையே தன் அடிப்படையாகக் கொண்டிருக்கிறது. ஒன்று இரண்டானதால் கணக்கு மட்டும் கூடிற்று என்று எண்ணிவிடலாகாது. ஒரு பிராணியின் வலிமையை அளக்கும் அளவுகோலே அங்கே மாறிவிட்டது என்பது என் திடமான அபிப்பிராயம்.

போட்டியின் விதிகளை முதலில் காண்போம். ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் ஆறு பிராணிகள் கொண்ட அணியோடு வருகிறார். ஆனால் எதிராளியின் ஆறையும் பார்த்த பிறகு, தம் ஆறில் நான்கை மட்டுமே தேர்ந்தெடுத்துக் களத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். அந்த நான்கில் இரண்டு முன்னே நிற்கும். மற்ற இரண்டு பின்னே காத்திருக்கும். ஆறில் நான்கைத் தேர்ந்தெடுக்க 15 வழிகளும், அந்த நான்கில் முன் நிற்கும் இரண்டைத் தேர்ந்தெடுக்க 6 வழிகளும் இருப்பதால், முதல் அடி விழுவதற்கு முன்பே 90 விதமான ஆரம்பங்களை யோசிக்க வேண்டியிருக்கிறது. அந்த யோசனைக்குக் கிடைக்கும் அவகாசமோ 90 விநாடிதான். ஒரே இனப் பிராணியை இரண்டு முறை சேர்க்கக் கூடாது. ஒரே பொருளை இரண்டு பிராணிகள் ஏந்தக் கூடாது. எல்லாப் பிராணிகளும் 50ஆம் படியில் வைத்தே பொருதும். ஒவ்வொரு பிராணிக்கும் நான்கு வித்தைகள், ஓர் இயல்பு, கையில் ஏந்த ஒரு பொருள் என்பதே வரம்பு. நீர், நெருப்பு, மின்சாரம், நிலம் என்றிவ்வாறு 18 வகைகள் உண்டு. எந்த வகைத் தாக்குதல் எந்த வகைப் பிராணியை மிகுதியாக வருத்தும், எதனிடம் சிறிதும் பலிக்காது என்பதை ஆட்டக்காரர் மனப்பாடமாக அறிந்திருப்பார்.

சதுரங்கத்தில் ஒருவர் காய் நகர்த்தியதைக் கண்ட பிறகே மற்றவர் நகர்த்துகிறார். இங்கே அவ்வாறன்று, இருவரும் தத்தம் கட்டளைகளை ரகசியமாக, 45 விநாடிக்குள் இட்டுவிடுகிறார்கள், பிறகே நான்கு பிராணிகளும், பெரும்பாலும் தம் வேகத்தின் வரிசைப்படி, அவற்றை நிறைவேற்றுகின்றன. ஆகையால் எதிராளி என்ன செய்தார் என்பதற்கு விடையளிப்பதைக் காட்டிலும், அவர் என்ன செய்ய எண்ணுவார் என்பதை ஊகிப்பதே இந்த ஆட்டத்தின் பிரதான வித்தையாகிறது.

இந்த ஊகத்தின் மையத்தில் நிற்பது புரொட்டெக்ட் என்னும் சாதாரண வித்தை. அதைப் பயன்படுத்தும் பிராணியை அந்தச் சுற்றில் ஏறக்குறைய எந்தத் தாக்குதலும் தீண்டாது. அடுத்த சுற்றிலும் உடனே பயன்படுத்தினால் பலிக்கும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். ஒற்றைப் போரில் ஒரு சுற்றை இவ்விதம் சும்மா கழிப்பது பெரும்பாலும் வீண். ஜோடிப் போரிலோ, எதிராளியின் இரு பிராணிகளும் ஒன்றின்மேல் பாய்ந்து அடியை வீணாக்கும் அதே வேளையில், அருகில் நிற்கும் துணை தன் காரியத்தைத் தடையின்றி முடித்துக்கொள்கிறது. நிலத்தை அதிரச் செய்யும் எர்த்குவேக் என்னும் தாக்குதல் எதிரிகள் இருவரை மட்டுமின்றித் தன் துணையையும் சேர்த்தே தாக்கும். பலர்மேல் பரவுவதால் அதன் உக்கிரம் முக்கால் பங்காகக் குறைந்தாலும், துணைக்கு ஆபத்து ஆபத்துதான். அதனால் அந்தத் தாக்குதலை உடைய பிராணியின் பக்கத்தில் பறக்கும் வகையைச் சேர்ந்த பிராணியை நிறுத்துவார்கள். அல்லது அந்தச் சுற்றில் துணையைப் புரொட்டெக்ட் செய்யச் சொல்வார்கள்.

வேகத்தின் விஷயமும் இத்தகையதே. டெயில்விண்ட் என்னும் வித்தை நான்கு சுற்றுகளுக்குத் தன் பக்கத்தாரின் வேகத்தை இரட்டிப்பாக்குகிறது. டிரிக் ரூம் என்பதோ, பயன்படுத்திய சுற்றையும் சேர்த்து ஐந்து சுற்றுகளுக்கு வரிசையையே தலைகீழாக்கி, மந்தமானது முந்தவும் விரைவானது பிந்தவும் செய்கிறது. ஆனால் டிரிக் ரூம் அந்தச் சுற்றின் கடைசியில்தான் நிறைவேறும் என்பதால், அதைப் போடும் பிராணி அதுவரை உயிரோடிருக்க வேண்டும். அதற்காகவே பக்கத்துத் துணை ஃபேக் அவுட் என்ற வித்தையால், களமிறங்கிய முதல் சுற்றிலேயே எதிரி ஒன்றைத் திகைக்கவைத்து அதன் செயலைத் தடுத்துவிடுகிறது.

இவ்வாறு பார்க்கும்போது, 2014ஆம் ஆண்டு அமெரிக்கத் தலைநகரான வாஷிங்டனில் நடந்த உலகச் சாம்பியன் போட்டி ஏன் இன்றும் நினைக்கப்படுகிறது என்பது விளங்கும். அங்கே பட்டம் வென்ற தென்கொரியாவின் சே ஜுன் பார்க், தம் அணியில் பாச்சிரிசு என்னும் அணில் போன்ற மின்சாரப் பிராணியைச் சேர்த்திருந்தார். பிராணிகளின் ஆறு அடிப்படைத் திறன்களைக் கூட்டினால், அதே அணியிலிருந்த கார்ச்சாம்ப் என்னும் பிராணிக்கு 600 வரும். பாச்சிரிசுவுக்கு வருவதோ 405. தனித்து நின்றால் எளிதில் அலட்சியம் செய்யத்தக்க அந்தப் பிராணிக்கு, ஃபாலோ மீ என்னும் வித்தையால் எதிரிகளின் தாக்குதலைத் தன்மேல் திருப்பிக்கொள்ளவும், மின்சாரத் தாக்குதல் பட்டால் வருந்தாமல் உயிர்ச்சக்தியை மீட்டுக்கொள்ளவும் முடியும். அந்த அணியில் நீரும் பறத்தலும் கலந்த கியாரடோஸ் என்னும் பெரும் பிராணியும் இருந்தது; அதன் பரம விரோதி மின்சாரம். ஆகவே கியாரடோஸை வீழ்த்த எதிராளி ஏவும் மின்னல், அருகில் நிற்கும் சிறு பிராணிக்கு மருந்தாக மாறிவிடும். கியாரடோஸின் குறையைப் பாச்சிரிசு மறைத்தது. பாச்சிரிசுவிடம் இல்லாத பலத்தைக் கியாரடோஸ் அளித்தது. அந்த ஆண்டில் சிறந்தவை என்று பலரும் கருதிய பிராணிகளை வரிசையாகக் கூட்டிச் சேர்ப்பதால் அமையாத இசைவு அது.

அதிர்ஷ்டத்துக்கும் இவ்வாட்டத்தில் இடமுண்டு. சில தாக்குதல்கள் குறி தவறும், சில எதிர்பாராத உக்கிரத்தோடு விழும். இதைத் தணிப்பதற்காகவே பெரும் போட்டிகளில் மூன்றில் இரண்டு ஆட்டங்களை வெல்பவருக்கே வெற்றி என்று வகுத்திருக்கிறார்கள். அமெரிக்கரான ரே ரிஸ்ஸோ 2010, 2011, 2012 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் தொடர்ந்து உலகப் பட்டத்தை வென்றார் என்பதே, விவேகம் அதிர்ஷ்டத்தை எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தக்கூடும் என்பதற்குத் தக்க சாட்சியம். அண்மைக் காலத்தில், ஆட்டத்துக்கு முன்பே இருவரும் தம் பிராணிகளின் வித்தைகள், இயல்புகள், பொருள்கள் ஆகியவற்றை எழுதிய தாளை மாற்றிக்கொள்ளும் முறையும் வந்துவிட்டது. மறைத்து வைத்த ஆயுதத்தால் ஒருவரைத் திடுக்கிடச் செய்து வெல்வது இதனால் அருகிற்று; எல்லாம் தெரிந்தபின்னும் எதை, எப்போது செய்வது என்ற நிதானமே மிஞ்சி நிற்கிறது. இது ஆட்டத்தை உயர்த்திய சீர்திருத்தம் என்றே நான் கருதுகிறேன்.

இத்தகைய ஒரு போட்டியை முதன்முறையாகக் காண நேரும் வாசகர், திரையில் பெரும் ஒளியோடு தாக்குகின்ற பிராணியின்மீதே கண்ணை வைத்திருந்தால் ஆட்டத்தின் பாதியைத் தவறவிட்டவராவார். அதன் அருகில், ஓர் அடியும் கொடுக்காமல் நிற்கும் துணை அந்தச் சுற்றில் எதைத் தடுத்தது, யாருடைய அடியை ஏற்றது, எவருடைய வேகத்தை மாற்றியது என்று பார்ப்பாரானால், வெற்றிக்கு வித்து எங்கே ஊன்றப்பட்டது என்பதை அவரே கண்டுகொள்வார்.