பறவை பார்க்கப் போறீங்களா? எதை முதல்ல வாங்கணும், எதைத் தள்ளிப் போடணும்



நவம்பர் வந்தாச்சு. வேடந்தாங்கல், பள்ளிக்கரணைன்னு நீர்நிலைகளுக்குப் பறவைகள் வர்ற சீசன். ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்ல யாராவது ஒருத்தர் "இந்த சனிக்கிழமை போலாமா?"ன்னு கேட்டிருப்பாங்க. நீங்களும் சரின்னு சொல்லிட்டு, அன்னைக்கு ராத்திரியே ஷாப்பிங் ஆப்பைத் திறந்திருப்பீங்க. ராணுவ அச்சு ஜாக்கெட், 12 பாக்கெட் வச்ச பேன்ட், ட்ரெக்கிங் ஷூ, பைனாகுலர், கடைசியா "மாசம் ரூ.10,000 மட்டும்"னு ஒரு கேமரா.

இந்த கார்ட்டை செக்-அவுட் பண்றதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் கொடுங்க. இந்தப் பதிவுல ஒரே ஒரு விதிதான்: ஒவ்வொரு தடவையும் கையில எடுக்கிற பொருளுக்கு முதல்ல செலவு பண்ணுங்க. மத்ததெல்லாம் காத்திருக்கட்டும்.

முதல் மூணு தடவை எதுவும் வாங்காதீங்க

புது பொழுதுபோக்குல நாம பண்ற பெரிய செலவு, அது நமக்குப் பிடிக்குமான்னு தெரியிறதுக்கு முன்னாடி பண்றதுதான். பறவை பார்க்கணும்னா காலையில 5 மணிக்கு எழுந்திருக்கணும், ஒரே இடத்துல பேசாம நிக்கணும். இது எல்லாருக்கும் ஒத்து வராது. வரலைன்னா தப்பும் இல்லை.

அதனால முதல் மூணு தடவை பக்கத்து ஏரி, காலேஜ் கேம்பஸ், மொட்டை மாடி போதும். மைனா, மீன்கொத்தி, செம்போத்து, நீர்க்காகம்னு பத்துப் பதினைஞ்சு பறவைகளை அங்கேயே பார்த்துடலாம். ஒரு சின்ன நோட்டு, ஒரு பேனா. போன்ல மெர்லின், இபேர்ட் ரெண்டு ஆப்பும் இலவசம். அமெரிக்காவோட கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்துறது. ஜனவரியில பொங்கல் விடுமுறையில பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கும். அதுல கலந்துக்கிட்டா அனுபவசாலிகள் கூடப் பழகலாம், அவங்க பைனாகுலரையும் கண்ணுல வச்சுப் பார்க்கலாம்.

டிரஸ்: உங்க பீரோலயே இருக்கு

வேட்டைக்காரங்க சினிமால போட்டு வர்ற மாதிரி உடை தேவையே இல்லை. பறவை பயந்து ஓடுறதுக்குப் பெரிய காரணம் உங்க அசைவும் சத்தமும்தான். அதுக்கப்புறம்தான் நிறம். வெள்ளை, சிவப்பு, மினுமினுக்கிற நிறங்களைத் தவிர்த்துட்டு மண் நிறம், மங்கின பச்சை, சாம்பல்ல ஒரு பழைய முழுக்கை சட்டை போட்டா போதும். நடக்கும்போது சரசரன்னு சத்தம் போடுற நைலான் ஜாக்கெட் வேண்டாம். ராணுவ அச்சு உடையும் வேண்டாம். காசும் மிச்சம், செக்போஸ்ட்ல தேவையில்லாத கேள்வியும் மிச்சம்.

சமவெளிக்குக் காட்டன் சட்டை ஓகே. வால்பாறை, டாப்சிலிப் மாதிரி மழைக்காட்டுப் பக்கம் போறதா இருந்தா கதை வேற. காட்டன் நனைஞ்சா சீக்கிரம் காயாது, குளிரும். அங்கே சீக்கிரம் காயுற டி-ஷர்ட், ஒரு மழைக்கோட்டு, அட்டைப்பூச்சி ஏறாம இருக்க அட்டை உறை. இந்த உறை சில நூறு ரூபாய்தான். ஆனா அந்தப் பயணம் முடிவான அப்புறம் வாங்குங்க. ஷூவுக்கு ஏரிக்கரையில உங்க பழைய ஸ்போர்ட்ஸ் ஷூவே தாராளம்.

பைனாகுலர்: இங்கதான் பணம் போடணும்

மூணு தடவை போயும் நாலாவது தடவைக்கு நீங்களா அலாரம் வச்சீங்கன்னா, இதுதான் முதல் உண்மையான முதலீடு. 8×42ன்னு போட்டிருக்கும். 8ங்கிறது எத்தனை மடங்கு பெருசா காட்டும்ங்கிறது. 42ங்கிறது முன்பக்க லென்ஸோட விட்டம், மில்லிமீட்டர்ல. மடங்கு கூடக் கூட நல்லதுன்னு நினைக்காதீங்க. 10-க்கு மேல போனா கை நடுக்கமும் அதே அளவு பெருசாகும், பறவையைத் தேடிப் பிடிக்கிறதும் கஷ்டம். புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு 8×42 தான் பாதுகாப்பான தேர்வு.

ஏமாறாம இருக்க மூணு செக்:

1. டூரிஸ்ட் இடங்கள்ல கிடைக்கிற "30×60" குட்டி பைனாகுலரோட முன் லென்ஸ்ல ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. 60 மி.மீ.ன்னா 6 சென்டிமீட்டர். உள்ளங்கைக்குள்ள அடங்குற பொருள்ல அது எப்படி இருக்கும்?
2. லென்ஸ் மேல செக்கச்செவேல்னு கோட்டிங் இருந்தா திருப்பிக் கொடுத்துடுங்க. "ஃபுல்லி மல்டி-கோட்டட்"னு இருக்கான்னு பாருங்க.
3. கண்ணாடி போடுறவங்க "ஐ ரிலீஃப்" 15 மி.மீ. அல்லது அதுக்கு மேல இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா முழுக் காட்சியும் தெரியாது.

தெரிஞ்ச பிராண்டுகள்ல ஆரம்ப நிலை 8×42 சுமார் ரூ.8,000-லிருந்து கிடைக்குது. மாசம் ரூ.3,000 தனியா எடுத்து வச்சா மூணு மாசத்துல ரூ.9,000. கடன் இல்லாம கைக்கு வந்துடும்.

கேமரா: கடைசியா, முதல்ல வாடகைக்கு

ஆஃபர்ல வர்ற கேமராவோட 18-55 லென்ஸ் இருக்கும். அதுல தூரத்துக் கொக்கு ஒரு வெள்ளைப் புள்ளி, அவ்வளவுதான். பறவை எடுக்கக் குறைஞ்சது 400 மி.மீ. அளவுக்கு ஜூம் வேணும். அதாவது முதல் பில் ஆரம்பம்தான், லென்ஸ் பில் பின்னாடி வரும். சென்னை மாதிரி நகரங்கள்ல லென்ஸ் வாடகைக்குக் கிடைக்குது. ஒரு வார இறுதிக்கு எடுத்துப் பாருங்க, தோள் வலியும் சேர்த்துத் தெரிஞ்சுடும்.

ஒரு கணக்கு போடுவோம். ரூ.90,000 கேமரா செட்டை வருஷத்துக்கு 6 தடவை எடுத்துட்டுப் போனா, ரெண்டு வருஷத்துல 12 தடவை. ஒரு தடவைக்கு ரூ.7,500. ரூ.10,000 பைனாகுலரை மாசம் ரெண்டு தடவை எடுத்தா, ரெண்டு வருஷத்துல 48 தடவை. ஒரு தடவைக்கு ரூ.208.

"நோ-காஸ்ட்" இஎம்ஐ எவ்வளவு காஸ்ட்?

அதே ரூ.90,000, மாசம் ரூ.10,000, 9 மாசம். வங்கி இதுக்கு 15% வருட வட்டி போடுதுன்னு வச்சுக்குவோம். அந்த வட்டி சுமார் ரூ.5,380. இந்தத் தொகையைக் கடைக்காரர் தள்ளுபடியா கொடுத்து சரிக்கட்டுறார். ஆனா வட்டி மேல 18% ஜிஎஸ்டி, சுமார் ரூ.970, உங்க தலையில. பிராசசிங் கட்டணம் ரூ.199-ன்னா ஜிஎஸ்டியோட ரூ.235. மொத்தம் ரூ.1,200 பக்கம். மொத்தமா பணம் கொடுத்திருந்தா 3% குறைச்சிருப்பாங்கன்னா, அதுல ரூ.2,700 போச்சு. ஜீரோ வட்டி திட்டங்கள்ல வட்டி வேற பேர்ல ஒளிஞ்சிருக்குன்னு 2013-லயே ரிசர்வ் வங்கி வங்கிகளை எச்சரிச்சிருக்கு.

ரூ.3,900 உயிரை எடுக்கிற தொகை இல்லைதான். நிஜமான ஆபத்து அந்த 9 மாசம். கைக்கு ரூ.45,000 வர்ற ஒருத்தருக்கு ரூ.10,000ன்னா சம்பளத்துல 22%. நடுவுல வேலை போனாலோ, வீட்டுல ஆஸ்பத்திரிச் செலவு வந்தாலோ, கேமராவை வித்தா வாங்கின விலை வராது. கார்டு பில்லைக் கட்டத் தவறினா பல கார்டுகள்ல மாசம் 3.5 சதவீதத்தை ஒட்டி வட்டி, வருஷத்துக்கு 40-ஐத் தாண்டும். பிசினஸ் பண்றவங்க தொழிலுக்கு வாங்குற கேமராவுக்குத் தேய்மானம் கழிச்சு வரியைக் குறைப்பாங்க. சம்பளக்காரங்களுக்கு அந்த வசதியும் கிடையாது.

ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி இருக்கா? எஸ்ஐபி நிக்காம போகுதா? ரெண்டுக்கும் ஆமான்னா, 12 தடவை போய் வந்த அப்புறம், சேர்த்த பணத்துல கேமரா வாங்குங்க. சந்தோஷமா வாங்குங்க.

இந்த சனிக்கிழமைக்குத் தேவை பழைய பச்சைச் சட்டை, நோட்டு, தண்ணி பாட்டில். போனை சைலன்ட்ல போட மறந்துடாதீங்க.