தொழிற்சாலை நிலைக்கு மீளும் கணனி: சில குறிப்புகள்

வைரசுத் தொற்றுக்குள்ளான வீட்டுக் கணனியைத் ‘தொழிற்சாலை நிலைக்கு’ மீட்டல் இன்று பரவலாகச் சிபாரிசு செய்யப்படும் ஒரு பரிகாரமாகும். கணனியிலுள்ள யாவற்றையும் அழித்து, விற்பனைக்கு வந்த அன்று அது எவ்வாறிருந்ததோ அவ்வாறே ஆக்குதல் என்பது இத்தொடரின் பொருள். இத்தொடரினுள் இரண்டு எடுகோள்கள் மறைந்துள்ளன. ஒன்று, தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலை தூய நிலை என்பது. மற்றையது, அந்நிலைக்கு மீண்டால் இழந்தது மீளும் என்பது. இவை எவ்வளவிற்கு உண்மை என ஆராய்வதற்கு முன்னர், மீட்பு எவ்வாறு நிகழ்கின்றது என்பதை நோக்குதல் அவசியமாகும்.

ஐ.பி.எம். வகைத் தனியாள் கணனிகளைத் தாக்கிய முதல் வைரசாகக் கருதப்படும் ‘பிரெயின்’ 1986 ஆம் ஆண்டு பாகிஸ்தானின் லாகூர் நகரில் உருவாயிற்று. அது நெகிழ்தட்டுக்களின் தொடக்கப் பகுதியிற் குடிபுகுந்து, தட்டுக்கள் கைமாறியபோது பரவியது. அக்காலத்தில் பணிசெயல் முறைமையின் மூலத்தட்டு பயனாளியின் மேசை இலாச்சியிலேயே இருந்தது. பழுது நேர்ந்தபோது அதனைக் கொண்டே அவர் கணனியை மீளமைத்தார். பின்னர் உற்பத்தியாளர் பலர் தட்டு வழங்குவதைக் கைவிட்டு, வன்தட்டின் மறைவான ஒரு பகுதியில் மூலப்படிமத்தை வைக்கலாயினர். 2012 இல் வெளிவந்த விண்டோஸ் 8 இல் மீளமைப்பு வசதி முறைமையின் ஓர் அங்கமாயிற்று. 2020 இல் வந்த விண்டோஸ் 10 இன் பதிப்பு, நிறுவனத்தின் சேவையகத்திலிருந்தே முறைமையை இறக்கிக்கொள்ளும் வழியையும் சேர்த்தது. இதற்கு 4 கிகாபைட்டுக்கு மேற்பட்ட தரவு செலவாகலாம். மீட்புச் சாதனம் பயனாளியின் கையிலிருந்து இயந்திரத்தின் உள்ளேயும், அங்கிருந்து நிறுவனத்தின் களஞ்சியத்திற்கும் இடம்பெயர்ந்தமை இங்கு கவனிக்கத்தக்கது. வன்தட்டுப் பழுதடைந்தால் அதிலுள்ள மருந்தும் உடன் அழியும். இணைய வசதி குன்றியவருக்குக் களஞ்சியம் எட்டாது.

நடைமுறையில், தொற்று ஏற்பட்டதை அறிந்தவுடன் கணனியை இணையத்திலிருந்து துண்டித்தல் முதற் கடமையாகும். அடுத்து ஆவணங்களையும் படங்களையும் மாத்திரம் வேறொரு தட்டிற் பிரதிசெய்தல் வேண்டும். நிரல்களைப் பிரதிசெய்தல் கூடாது. ஆவணங்களும் முற்றாக ஐயத்திற்கு அப்பாற்பட்டவையல்ல. 1999 இற் பரவிய ‘மெலிசா’, வேர்ட் ஆவணத்தினுள் மறைந்திருந்த கட்டளைத் தொகுதியாகும். எனவே பிரதிகளைத் தொற்றற்ற வேறொரு கணனியிற் சோதித்தல் நன்று. வன்தட்டு மறைகுறியாக்கம் செய்யப்பட்டிருப்பின் அதன் மீட்புத் திறவுகோலை முன்கூட்டியே குறித்துக்கொள்ள வேண்டும். மீளமைப்பின்போது கோப்புகளை வைத்துக்கொள்வதா, யாவற்றையும் நீக்குவதா என்ற வினா எழும். தொற்றுக்குள்ளான கணனிக்குப் பின்னையதே பொருத்தமானது. கடவுச்சொற்களைத் தொற்றற்ற கணனியொன்றிலிருந்து மாற்றுதலும் இன்றியமையாதது. திருடப்பட்ட கடவுச்சொல்லை எந்த மீளமைப்பும் திருப்பித் தராது.

இனி முதலாவது எடுகோளை நோக்குவோம். தொழிற்சாலை நிலை என்பது ஒரு குறித்த திகதியின் நிலையாகும். அத்திகதிக்குப் பின்னர் கண்டறியப்பட்டு அடைக்கப்பட்ட துவாரங்கள் யாவும் பழைய படிமத்தில் மீண்டும் திறந்துகொள்ளும். 2017 மே மாதத்தில் உலகெங்கும் பரவிய ‘வன்னாகிரை’, கோப்புகளைப் பூட்டி 300 டொலர் கப்பம் கோரியது. அது பயன்படுத்திய துவாரத்தை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச் மாதத்திலேயே வெளியிட்டிருந்தது. மார்ச் மாதத்திற்கு முற்பட்ட படிமத்தைக் கொண்டு மீட்கப்பட்ட கணனியில் அதே துவாரம் மீண்டும் உருவாகும். ஆதலின் மீட்பின் பின்னர் வேறெதற்கும் முன்னதாக இற்றைப்படுத்தல் நிகழவேண்டும்.

ஆயின் பழமை மாத்திரமே குறையன்று. 2014 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ நிறுவனம் தனது மடிக்கணனிகள் சிலவற்றில் ‘சுப்பர்ஃபிஷ்’ என்னும் விளம்பர மென்பொருளை நிறுவி விற்றது. பயனாளி காணும் இணையப் பக்கங்களில் விளம்பரங்களைச் செருகுவதே அதன் பணி. பாதுகாக்கப்பட்ட பக்கங்களினுள்ளும் நுழைவதற்காக அது ஒரு போலிச் சான்றிதழை நிறுவிக்கொண்டது. எல்லா இயந்திரங்களிலும் அச்சான்றிதழின் இரகசியத் திறவுகோல் ஒன்றே. 2015 பெப்ரவரியில் அத்திறவுகோல் வெளிப்பட்டதும், வங்கித் தொடர்புகளைக்கூடப் பிறர் இடைமறிக்கும் நிலை தோன்றியது. இத்தகைய கணனியை அதன் மூலப்படிமத்தைக் கொண்டு மீட்டால் அம்மென்பொருளும் உடன்மீளும். ஐக்கிய அமெரிக்காவில் இவ்விவகாரம் 2017 இல் மத்திய வர்த்தக ஆணைக்குழுவுடனும் 32 மாநிலங்களுடனும் செய்யப்பட்ட இணக்கத்தில் முடிந்தது. மாநிலங்களுக்கு 35 இலட்சம் டொலர் செலுத்தப்பட்டது.

அதே நிறுவனத்தின் வேறு சில கணனிகளில், தாய்ப்பலகையின் சில்லிற் பதிந்திருந்த தொடக்க மென்பொருள், விண்டோசைப் புதிதாக நிறுவிய பின்னரும் நிறுவனத்தின் நிரலை மீண்டும் உட்செலுத்தியமை 2015 இல் அம்பலமாயிற்று. 2018 இற் கண்டறியப்பட்ட ‘லோஜாக்ஸ்’ என்ற தீநிரலும் தாய்ப்பலகையின் சில்லிலேயே தங்கி, வன்தட்டை அழித்த பின்னரும் உயிர்த்தெழுந்தது. நோக்கில் வேறுபட்ட இவ்விரண்டும் இருப்பிடத்தில் ஒன்றுபடுதல் தற்செயலானதன்று. பயனாளியின் கைக்கெட்டாத இடமே இரண்டிற்கும் வேண்டியிருந்தது. தொழிற்சாலை நிலை என்பது பண்டத்தின் நிலை. பரிவர்த்தனைப் பெறுமதியின் தேவைகளே அதனை நிர்ணயிக்கின்றன. அதனை ஆரோக்கிய நிலையெனக் கொள்வது, விற்பவரின் நலனையும் பயன்படுத்துவோரின் நலனையும் ஒன்றெனக் கருதுவதாகும்.

இரண்டாவது எடுகோளும் இவ்வாறே தளர்வுறுகின்றது. வீட்டுக் கணனியின் பயன்பெறுமதியிற் பெரும்பகுதி, வாங்கிய பின்னர் பயனாளியின் உழைப்பினால் அதிற் சேர்ந்ததாகும். கட்டுரைகள், கடிதங்கள், குடும்பப் படங்கள் ஆகிய எவையும் தொழிற்சாலை அறியாதவை. எமது சூழலில் மொழியையும் இதனுடன் சேர்த்தெண்ணுதல் வேண்டும். ஈழத்துத் தமிழ் ஆவணங்கள் பல ‘பாமினி’ எழுத்துருவில் தட்டெழுதப்பட்டவை. இம்முறையில் தமிழெழுத்துகள் உரோம எழுத்துகளின் குறியீடுகளாகவே சேமிக்கப்படுகின்றன. தொழிற்சாலைப் படிமத்தில் இவ்வெழுத்துரு இல்லை. ஆதலின் மீட்கப்பட்ட கணனியில் ஓர் ஆய்வேட்டைத் திறப்பவர், பொருளற்ற உரோம எழுத்துகளின் வரிசையையே காண்பார். வைரசு அழித்துவிட்டதெனக் கருதி அவர் அதனைக் கைவிடவுங் கூடும். உண்மையில் ஆவணம் சிதையவில்லை. எழுத்துருவை நிறுவியதும் தமிழ் மீளும். 1991 இலேயே தமிழுக்கு இடமளித்த யுனிகோட் முறைக்கு இவ்வாவணங்களை மாற்றிவைத்தலே நிலையான பரிகாரமாகும். விண்டோஸ் 2000 தொடக்கம் யுனிகோட் தமிழை அம்முறைமை தானே ஏற்கின்றது.

எனவே மீட்பிற்கான ஆயத்தம் தொற்றுக்கு முன்னரே தொடங்கவேண்டும். ஆவணங்களின் பிரதியொன்று கணனியுடன் நிரந்தரமாக இணைக்கப்படாத தட்டில் இருத்தல் வேண்டும்; இணைந்திருக்கும் தட்டையும் கப்பம் கோரும் வைரசு பூட்டிவிடும். உற்பத்தியாளரின் படிமத்தை நம்பியிராது, மைக்ரோசொஃப்ட் இலவசமாக வழங்கும் நிறுவற் சாதனத்தை ஒரு பென் டிரைவில் ஆயத்தம் செய்துகொள்ளலாம். கட்டற்ற மென்பொருளான லினக்சைப் பிரதிசெய்து பிறருக்கு வழங்குவதற்கும் தடையில்லை. இவை தனியொருவர் தாமாகவே செய்யக்கூடியவை. எனினும் வேகமான இணையமோ இரண்டாவது கணனியோ இல்லாத மாணவர் பலர் உள்ளனர். ஒரு நிறுவற் சாதனம், ஓர் எழுத்துருத் தொகுதி, பிரதிகளைச் சோதிப்பதற்கான ஒரு தொற்றற்ற கணனி ஆகியவற்றைத் துறை நூலகமொன்று பொதுவில் வைத்திருக்குமாயின், முன்னர் மேசை இலாச்சியில் இருந்த மீட்புச் சாதனம் மீண்டும் பயன்படுத்துவோரின் கைக்கு வந்துசேரும்.