சுற்றளவைக் காட்டி நிலத்தில் மோசடி!

நிலத்தைப் பங்கு போட்டார்கள். சுற்றளவு அதிகமான துண்டை மற்றவர்களுக்குக் கொடுத்தார்கள். சுற்றளவு குறைந்ததைத் தாங்கள் வைத்துக்கொண்டார்கள். நாணயமானவர்கள் என்று பெயரும் வாங்கினார்கள். ஆனால் விளைச்சலில் பெரும் பங்கு அவர்கள் வீட்டுக்கே போயிற்று!

இந்த மோசடியை எழுதி வைத்தவர் புரோக்ளஸ். இவர் கி.பி. 5-ம் நூற்றாண்டில் கிரேக்க நாட்டின் ஏதென்ஸ் நகரில் வாழ்ந்த அறிஞர். யூக்ளிட் எழுதிய கணித நூலுக்கு இவர் செய்த விளக்க உரையில் இந்தச் செய்தி இருக்கிறது.

சூட்சுமம் என்ன?

ஓர் உதாரணம் பாருங்கள். ஒரு துண்டின் நீளம் 47 அடி, அகலம் 5 அடி. சுற்றளவு 104 அடி. பரப்பு 235 சதுர அடி.

இன்னொரு துண்டு நாலு பக்கமும் 25 அடி. சுற்றளவு 100 அடிதான். பரப்போ 625 சதுர அடி!

வேலி 100 அடி

இப்போது ஒரு கணக்கு. 100 அடி வேலி இருக்கிறது. செவ்வகமாக ஒரு தோட்டத்தை அடைக்க வேண்டும். பரப்பு 600 சதுர அடிக்குக் குறையக் கூடாது. அகலம் எவ்வளவு வைக்கலாம்?

நீளமும் அகலமும் சேர்ந்தால் 50 அடி. அதில் பாதி 25. இரண்டும் 25 ஆக இருந்தால் பரப்பு 625. இதற்கு மேல் போகாது.

25-லிருந்து 1 அடி விலகினால் 24, 26. பெருக்கினால் 624. குறைவது 1. இரண்டு அடி விலகினால் 23, 27. பெருக்கினால் 621. குறைவது 4. விலகும் அடியை அதே எண்ணால் பெருக்கினால் எவ்வளவோ, அவ்வளவு குறைகிறது.

625-லிருந்து 600 வரை இறங்கலாம். 25 சதுர அடி குறையலாம். ஐயைந்து இருபத்தைந்து. ஆகவே 5 அடி வரை விலகலாம். அகலம் 20 அடி முதல் 30 அடி வரை எதுவானாலும் சரி. 25-க்கு மேல் போனால் நீளமும் அகலமும் இடம் மாறும், அவ்வளவுதான். அகலத்தை 10 அடி ஆக்கினால் நீளம் 40. பரப்பு 400-தான். போதாது!

பள்ளிக்கூடத்தில் இதற்கு 'இருபடி அசமன்பாடு' என்று பெயர். பெயரைக் கண்டு பயப்பட வேண்டாம். விடை ஒரே எண் அல்ல. 'இதிலிருந்து இதுவரை' என்று வரும். அதுதான் விஷயம்.

களிமண்ணில் கணக்கு

பாதியை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, பரப்பைக் கழிக்கும் இந்த வழி புதிதல்ல. இன்றைய ஈராக்கில் இருந்த பாபிலோனியர்கள் 3,500 ஆண்டுகளுக்கு முன்பே இதை அறிந்திருந்தார்கள். நீளம், அகலம் இரண்டின் கூட்டுத்தொகையும் பரப்பும் தெரிந்தால், இரண்டையும் தனித்தனியே கண்டுபிடித்தார்கள். களிமண் பலகைகளில் எழுதி வைத்தார்கள்.

செவ்வக மனை ஒன்றின் சுற்றளவு 100 அடி, பரப்பு 650 சதுர அடி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 625-க்கு மேல் வரவே வராது! மனையைச் சுற்றி வந்தால் மட்டும் போதாது. நீளத்தையும் அகலத்தையும் அளந்து, பெருக்கிப் பார்த்த பிறகு பணத்தை எண்ணுங்கள்.