உங்களுக்குத் தெரியுமா?

ஜெர்மனியின் சூப்பர் மார்க்கெட்டில் பீர் தாராளமாகக் கிடைக்கும். காய்ச்சலுக்குப் போடும் பாரசிட்டமால் கிடைக்காது! அதற்கு மருந்துக்கடைக்குத்தான் போகவேண்டும்.

• அங்கும் சீட்டில்லாமல் வாங்கினால் 500 மி.கி. மாத்திரை ஒரு பெட்டிக்கு 20தான். அதைவிடப் பெரிய பெட்டிக்கு டாக்டர் சீட்டு தேவை. 2009 முதல் இப்படி.

• நம்மூர்போல் அட்டையைக் கத்தரித்து, ‘நாலு கொடுங்க’ என்பதெல்லாம் நடக்காது.

• ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான மருந்துக்கடைகள் மூடியிருக்கும். வட்டாரத்தில் ஏதாவது ஒன்று முறைவைத்துத் திறந்திருக்கும். எது என்று மூடிய கடையின் வாசலிலேயே தகவல் இருக்கும். அகால நேரத்தில் பல கடைகளில் சின்ன ஜன்னல் வழியாகத்தான் வியாபாரம். அவசரச் சேவைக்குக் கூடுதலாக 2.50 யூரோ. டாக்டர் சீட்டிலேயே அவசரம் என்று குறித்திருந்தால் அதுவும் வேண்டாம்.