வெசாக் ஓர்க்கிட்

தமிழர் மலரை நுணுகிக் கண்டவர். அரும்பு, போது, மலர், வீ, செம்மல் எனப் பூவின் பருவந்தோறும் வெவ்வேறு பெயர் வைத்தனர். கபிலர் குறிஞ்சிப்பாட்டிலே 99 பூக்களின் பெயர்களை ஒருங்கே அடுக்கினார். அம்மரபில் வந்த நாம், நாம் வாழும் இத்தீவுக்கே உரிய ஒரு மலரைப் பற்றிச் சிறிதேனும் அறிந்திருத்தல் வேண்டும். உலகின் வேறெந்த நாட்டுக் காட்டிலும் அது தானாக வளர்வதில்லை. அதுவே வெசாக் ஓர்க்கிட். சிங்கள மக்கள் அதனை 'வெசாக் மல்' என்பர். நம் வைகாசி விசாகத்தை ஒட்டிவரும் வெசாக் பூரணைக் காலத்தில், மே மாதமளவிலே பூப்பதனால் அஃது இப்பெயர் பெற்றது.

தாவர நூலார் இதற்கு வழங்கும் பெயர் டெண்டிரோபியம் மக்கார்த்தியே. 1849ஆம் ஆண்டு முதல் பேராதனைப் பூங்காவின் தலைவராயிருந்த துவைற்ஸ் என்பார் இதற்குப் பெயரிட, 1855இல் இங்கிலாந்தின் தாவரவியல் வெளியீடொன்றில் இதன் படமும் விவரமும் வெளிவந்தன. அக்காலத்தில் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்து, 1860இல் தேசாதிபதியான சேர் சார்ள்ஸ் மக்கார்த்தியின் மனைவியாரை அப்பெயர் குறிக்கும். இச்செடி, தென்மேற்கு ஈரவலயத்தின் தாழ்நிலக் காடுகளில், இரத்தினபுரி, களுத்துறை முதலான பகுதிகளிலே, உயர்ந்த மரங்களின் அடிமரத்திற் பற்றி வாழும். மெல்லிய தண்டுகள் கீழ்நோக்கித் தொங்கும். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த இதழ்களுள் ஒன்று உதடுபோல அமைந்து, அதன் நடுவே கருமை தோய்ந்த ஊதாநிறப் பொட்டொன்று விளங்கும்.

மரத்தின்மேல் வளர்வதனால் இதனைக் குருவிச்சை போன்றதெனக் கருதுவோர் பலர். அஃது உண்மையன்று. குருவிச்சை தான் பற்றிய மரத்தின் உள்ளே தன் உறுப்பைச் செலுத்தி, நீரையும் உப்புக்களையும் உறிஞ்சிக்கொள்ளும். ஓர்க்கிட்டோ மரத்தைத் தங்குமிடமாக மாத்திரமே கொள்ளும். அதன் வேரைச் சுற்றிப் பஞ்சு போன்ற வெண்ணிற உறையொன்று உண்டு. மரப்பட்டையில் வழியும் மழைநீரை அவ்வுறை விரைந்து உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உணவை இலைகள் ஆக்கும். இத்தகைய செடிகளை மேலொட்டிகள் என்பர்.

ஆயின், இச்செடி எவர் துணையுமின்றி வாழ்கின்றதா? இல்லை. அதன் துணை நம் கண்ணுக்குப் புலப்படாதது, அவ்வளவே. அதனை அறிய வித்திலிருந்து தொடங்குதல் வேண்டும்.

ஓர்க்கிட்டின் வித்துத் தூசியினும் நுண்ணியது. சார்ள்ஸ் டார்வின் 1862இல் வெளியிட்ட தமது ஓர்க்கிட் நூலிலே, ஐரோப்பிய ஓர்க்கிட் ஒன்றின் ஒரு காயில் ஏறக்குறைய 6,200 வித்துக்களும், ஒரே செடியில் 1,86,300 வித்துக்களும் உளவெனக் கணக்கிட்டார். அவை யாவும் முளைக்குமாயின், அச்செடியின் கொள்ளுப்பேரர் காலத்திலே நிலவுலகு முழுவதும் ஓர்க்கிட்டால் மூடப்பட்டுவிடுமென்றும் எழுதினார். அவ்வாறு மூடப்படாமைக்குக் காரணம் யாது?

அதற்கு விடை ஐரோப்பியக் காடொன்றிலே கிடைத்தது. அங்கே பீச் என்னும் மரங்கள் அடர்ந்த இருள்நிழலில், பறவைக்கூட்டு ஓர்க்கிட் என்றொரு செடி வளரும். அதற்குப் பச்சை இலை கிடையாது. பழுப்பு நிறத் தண்டும், குருவிக்கூடு போற் பின்னிய வேருமே உண்டு. 1899இல் பாரிஸ் நகருக்கு அண்மையிலுள்ள பொந்தெனுபுளோ காட்டிலே, நோயல் பேர்னாட் என்னும் இளைஞர் அதன் வித்துக்கள் முளைகொண்டிருப்பதைக் கண்டார். ஒவ்வொரு முளையினுள்ளும் நுண்ணிய பங்கசு இழைகள் புகுந்திருந்தன. நெல்லிலும் பயற்றிலும் முளைக்கு வேண்டிய உணவு வித்திலேயே கட்டப்பட்டிருக்கின்றது. ஓர்க்கிட் வித்துக்கு அவ்வகைக் கட்டுச்சோறு இல்லை. உரிய பங்கசு வந்து ஊட்டினாலன்றிக் காட்டில் அது முளைத்து வளராது. நம் வெசாக் ஓர்க்கிட் வளர்ந்தபின் தன் உணவைத் தானே ஆக்கவல்லதாயினும், குழவிப் பருவத்தில் இவ்விதிக்கு உட்பட்டதே.

இவ்வுண்மையிலிருந்து பெறப்படுவது ஒன்றுண்டு. காட்டிலிருந்து செடியைப் பெயர்த்து நகருக்குக் கொணர்பவர், ஒரு செடியை மட்டும் இடம் மாற்றவில்லை. அதனைப் பங்கசினின்றும், ஈரம் தோய்ந்த மரப்பட்டையினின்றும், மகரந்தம் சுமக்கும் பூச்சியினின்றும் பிரித்துவிடுகின்றனர். அச்செடி கொழும்பிலே சில ஆண்டு பூத்தாலும், அதன் வித்துக்கள் நம் சுவரோரத்தில் முளைப்பது அரிது. காட்டிலும் அதன் வழித்தோன்றல் குன்றும். ஒருபுறம் தேயிலைக்கும் இறப்பருக்குமாகக் காடுகள் அழிந்தன. மறுபுறம் எஞ்சிய செடிகளை ஆசை கொண்டோர் பறித்தனர். இவ்விரண்டினாலும் இம்மலர் அருகிவிட்டது. ஆதலின் 1937ஆம் ஆண்டு இயற்றப்பட்ட விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இது காக்கப்படுகின்றது. 1975இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கையும், ஓர்க்கிட் குடும்பம் முழுவதன் வாணிகத்தையும் கட்டுப்படுத்துகின்றது.

அங்ஙனமாயின், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மாடி முகப்புக்களில் தேங்காய்ப் பொச்சுமட்டையிற் கட்டித் தொங்கவிட்டு ஓர்க்கிட் வளர்க்கும் அன்பர்கள் அதனைக் கைவிடல் வேண்டுமோ? வேண்டியதில்லை. 1922இல் அமெரிக்கரான லூயிஸ் நட்சன், பங்கசின் துணையின்றியே, வெல்லமும் உப்புக்களும் சேர்ந்த கூழில் ஓர்க்கிட் வித்தை முளைப்பிக்கலாமெனக் காட்டினார். இன்று கடைகளில் விற்கப்படும் கலப்பின ஓர்க்கிட்டுக்களுட் பெரும்பாலானவை ஆய்கூடக் குப்பிகளிற் பிறந்தவை. அவற்றை வாங்குவதனால் எக்காடும் வறுமையுறாது. காட்டுச் செடியென்று மறைவாகக் கொணர்ந்து விற்பதை வாங்குதலே தீது. செடி எங்கிருந்து வந்ததென விற்பவரை ஒருமுறை வினவுதல் நன்று.

நம் கல்லூரியின் பழைய மாணவருட் பலர் இன்று அலுவலகங்களிலும், தோட்டங்களிலும், வாணிகத்திலும், ஆசிரியத் தொழிலிலும் பொறுப்புள்ள நிலையில் உள்ளனர். பலர் தம் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு மலைநாடு செல்பவர். அவர்கள் பேராதனைப் பூங்காவின் ஓர்க்கிட் மனையை அப்பிள்ளைகளுக்குக் காட்டுவாராக. காட்டு வழியிலே மரத்திற் பூத்த ஒன்றைக் காண நேரின், கண்ணாரக் கண்டு, கைபடாது மீள்வாராக. அடுத்த வெசாக்கிலும் அஃது அம்மரத்திலேயே பூத்தல் வேண்டும்.