பழைய தின்னரை வீட்டிலேயே வடிக்கும் மெஷின்... வாங்கும் முன் இதைப் படிங்க!

ரெசின் ஆர்ட், ஆயில் பெயின்டிங், 3டி பிரின்டிங் என வீட்டிலிருந்தே சம்பாதிக்கும் பலருக்கும் மாதாமாதம் கையைக் கடிக்கும் செலவு ஒன்று உண்டு. பிரஷ், அச்சு எல்லாம் கழுவ வாங்கும் டர்பன்டைன், தின்னர், அசிட்டோன், ஐ.பி.ஏ. கலங்கிப்போனதைக் கொட்ட மனசு வராமல், காய்ச்சி வடித்து மறுபடி பயன்படுத்தலாமே என்று ஆன்லைனில் கருவி தேடுவார்கள். சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வாட்டர் டிஸ்டில்லர் போதுமா?

தேடினால் முதலில் கண்ணில் படுவது, 4 லிட்டர் வாட்டர் டிஸ்டில்லர். விலை குறைவு, பார்க்க ரைஸ் குக்கர் போலவே இருக்கும். ஆனால், அது தண்ணீருக்கு மட்டுமே.

தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். ஐ.பி.ஏ-வுக்கு சுமார் 82, அசிட்டோனுக்கு 56 டிகிரியே போதும். அதனால் ஆவி வேகமாகக் கிளம்பி, கொஞ்சம் அறைக்குள்ளும் கசியும். காற்றைவிடக் கனமான இந்த ஆவி, தரையோடு பரவி அடுப்பையோ, சுவிட்ச் பொறியையோ தொட்டால் குப்பென்று பற்றிக்கொள்ளும். பற்றும் அளவுக்கு ஆவி சேர, ஐ.பி.ஏ-வுக்கு சுமார் 12 டிகிரி போதும். அசிட்டோனுக்கு மைனஸ் 20. சென்னையின் மார்கழிக் குளிர்கூட அதைவிடச் சூடுதான்!

தொழிற்சாலைக் கருவி?

அச்சகம், கார் பெயின்டிங் ஷெட்களுக்கென சால்வென்ட் ரெக்கவரி மெஷின்கள் உண்டு. பொறி வெளியேறாத மின்பாகங்கள், சூடு ஏறினால் தானாக நிற்கும் வசதி, ஆவியைக் குளிர்விக்கும் அமைப்பு எல்லாம் இருக்கும். ஆனால், காற்றோட்டமுள்ள தனி இடம் வேண்டும். என்.சி. பெயின்ட் கலந்த தின்னர் என்றால், அடியில் தங்கும் கசடே அதிகச் சூட்டில் தீப்பிடிக்கும். மாதம் ஒன்றிரண்டு லிட்டர் செலவாகும் வீட்டுக்கு இது தேவையில்லை.

வீட்டுக்கு ஏற்றது எது?

சூடே இல்லாத தெளியவைக்கும் முறைதான்.

* டர்பன்டைன்: இறுக்கமான மூடியும், உள்ளே துளைத் தட்டும் கொண்ட ஸ்டீல் பிரஷ் வாஷர் வாங்குங்கள். சில நாள்களில் நிறமி அடியில் படியும். மேலே தெளிந்ததை அலுங்காமல் கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றலாம்.
* யு.வி. ரெசின் கழுவிய ஐ.பி.ஏ: கண்ணாடி பாட்டிலில் முக்கால் அளவு ஊற்றி, மூடி, நெருப்பில்லாத திறந்தவெளியில் வெயில் படவிடுங்கள். கரைந்த ரெசின் கெட்டியாகிப் படியும். காபி ஃபில்டர் பேப்பரில் வடிகட்டினால் மறுபடி கழுவ உதவும்.
* இரண்டு பாட்டில்: பழையதில் முதல் கழுவல், புதியதில் இரண்டாம் கழுவல். புதிய பாட்டில் சீக்கிரம் கலங்காது.

அசிட்டோன் சில பிளாஸ்டிக்குகளைக் கரைத்துவிடும் என்பதால், கண்ட டப்பாவில் ஊற்றக் கூடாது. கசடை சிங்க்கில் கொட்டாமல், மூடிய டின்னில் சேர்த்து, அபாயக் கழிவு எனச் சொல்லித் தனியாகக் கொடுங்கள். எந்த பாட்டிலாக இருந்தாலும் பெயர் எழுதி ஒட்டி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். தெளிந்த தின்னரும் தண்ணீரும் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும்!