சங்கக்கடைக் கூப்பனும் கைத்தொலைபேசிக் கணக்கும்

திருகோணமலையின் சீனன்குடா அளந்து கொடுத்துப் பழகிய ஊர். பிரித்தானியக் கடற்படைக்காகக் காட்டுக்குள் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 இன்றும் எண்ணிக்கையில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 கிலோலீற்றர் கொள்ளும். துறைமுகக் கரையில் பிரீமா ஆலை கோதுமையை மாவாக்குகிறது. பக்கத்தில் சீமெந்துத் தொழிற்சாலை. எண்ணெயோ மாவோ சீமெந்தோ, வெளியே போனது எவ்வளவு, உள்ளே மிஞ்சியது எவ்வளவு என்ற இரண்டு தொகையும் பொருந்தவேண்டும். ஒன்றை எழுதி மற்றதை எழுதாமல் விட்டால் இருப்பு பொய்யாகிவிடும்.

இந்த ஊருக்கு 1942 இரண்டு விதத்தில் மறக்கமுடியாத ஆண்டு. ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. தாங்கியொன்றின்மேல் விமானம் ஒன்று விழுந்து, எண்ணெய் பல நாள் எரிந்தது. அதே ஆண்டில்தான், பர்மா அரிசி நின்றுபோனதால், இலங்கையில் அரிசிப் பங்கீடு வந்தது. போர் முடிந்த பிறகும் பங்கீட்டுக் கூப்பன் போகவில்லை. 1979இல் உணவு முத்திரையும் மண்ணெண்ணெய் முத்திரையும் வரும்வரைக்கும், ஏறக்குறைய நாற்பது ஆண்டு, வீட்டுக்கு வீடு கூப்பன் புத்தகம் இருந்தது.

கூட்டுறவுச் சங்கக்கடையில் கூப்பனுக்குச் சாமான் கொடுப்பது பார்வைக்கு ஒரு வேலை, உள்ளுக்குள் மூன்று. கூப்பனை வெட்டவேண்டும். தராசில் நிறுத்துக் கொடுக்கவேண்டும். கொப்பியில் பதியவேண்டும். மூன்றும் நடந்தால்தான் அது கொடுக்கல் வாங்கல். கூப்பனை வெட்டிய பிறகு சாக்கில் மா இல்லையென்று தெரிந்தால் ஒரு குடும்பத்தின் பங்கு அந்த இடத்திலேயே காணாமல் போய்விடும். வெட்டிய துண்டை மறுபடி ஒட்ட முடியாது. ஆகவே பழகின மனேஜர் முதலில் சாக்கைப் பார்ப்பார், பிறகுதான் கத்தரிக்கோலை எடுப்பார். "தங்கச்சி, மா முடிஞ்சு போச்சு. கூப்பனை வெட்டேல்லை, பத்திரமா வச்சிரு" என்றால் பயப்பட ஒன்றுமில்லை. எதுவும் நடக்கவில்லை, நாளைக்கு வரலாம்.

கொப்பிக்கும் சட்டம் இருந்தது. பேனையால் எழுதியதைச் சுரண்டக்கூடாது. பிழையான எண்ணின்மேல் ஒற்றைக் கோடு இழுத்து, சரியானதை மேலே எழுதி, பக்கத்தில் ஒப்பம் வைக்கவேண்டும். பழைய எண் வாசிக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்பதுதான் அந்தச் சட்டத்தின் உயிர். பழையது தெரிந்தால்தான் பழைய நிலைக்குத் திரும்ப முடியும்.

இன்று அந்தக் கொப்பியின் இடத்தில் கைத்தொலைபேசி இருக்கிறது. சிறு கடையின் கடன் கணக்கு, மீன்பிடிப் படகுக்குக் கொடுத்த மண்ணெண்ணெய்க் கணக்கு எல்லாம் ஒரு செயலிக்குள் போகிறது. இப்படிப்பட்ட செயலிகள் மிகப் பெரும்பாலும் தொலைபேசியில் ஏற்கனவே இருக்கும் எஸ்கியூலைட் என்ற தரவுத்தளத்தில்தான் கணக்கை வைக்கின்றன. ஆண்ட்ராய்டு, ஐபோன் எல்லாவற்றிலும் அது உண்டு. தனிச் சேவையகம் வேண்டாம், நிர்வாகி வேண்டாம். முழுத் தரவுத்தளமும் ஒரே கோப்பு.

அதன் பிறப்பும் துறைமுகக்காரருக்கு அந்நியமில்லை. ரிச்சர்ட் ஹிப் என்ற அமெரிக்கர் 2000ஆம் ஆண்டுவாக்கில் ஒரு போர்க்கப்பலின் சேதக் கட்டுப்பாட்டு மென்பொருளில் வேலை செய்தார். குழாய் உடைந்தால் எந்த வால்வை மூடுவது என்று சொல்லும் மென்பொருள் அது. தரவு வேறொரு சேவையகத்தில் இருந்தது. சேவையகம் விழுந்தால் 'தொடர்புகொள்ள முடியவில்லை' என்ற பிழைச்செய்தி இவருடைய நிரலின் திரையில் வரும், பழி இவருக்கு. இடையில் சேவையகமே இல்லாமல் கோப்பிலிருந்து நேரே படித்தால் என்ன என்று யோசித்ததில் பிறந்தது எஸ்கியூலைட். எவரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம் என்று பொதுச் சொத்தாக விட்டுவிட்டார். பிழையை எப்படிச் சந்திப்பது என்ற கேள்வி அதன் கருவிலேயே இருந்தது.

இலங்கையின் பொருளாதார நெருக்கடி ஆண்டான 2022ஐ நினைத்துப் பாருங்கள். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியால மின்வெட்டு. எரிபொருள் வரிசை, ஜூலையில் கியூஆர் அட்டை, வாரத்துக்கு இத்தனை லீற்றர் என்று மீண்டும் ஒரு பங்கீடு. அந்த நாள்களில், கணினியில் கணக்கு வைத்த ஒரு கடையில், படகுக்காரர் ஒருவருக்கு 20 லீற்றர் மண்ணெண்ணெய் கடனாகப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் கடனில் தொகை ஏறவேண்டும். இருப்பில் 20 குறையவேண்டும். கடன் ஏறியது, இருப்பு குறையுமுன் கரண்ட் போனது.

இரண்டையும் 'பிகின்' என்ற கட்டளைக்கும் 'கமிட்' என்ற கட்டளைக்கும் நடுவே வைத்து ஒரே பரிவர்த்தனையாக்கியிருந்தால் கணக்கு தப்பும். எஸ்கியூலைட் தரவுக் கோப்பின் ஒரு பக்கத்தைத் தொடுமுன் அதன் பழைய உருவத்தை அப்படியே பக்கத்திலுள்ள 'ஜர்னல்' கோப்பில் பிரதி செய்கிறது. அது வட்டில் உண்மையாகவே இறங்கிவிட்டதா என்று உறுதிசெய்த பிறகே மூலக் கோப்பில் கைவைக்கிறது. எல்லா மாற்றமும் இறங்கியதும் ஜர்னலை அழிக்கிறது. அந்த அழிப்புத்தான் கமிட்; கூப்பன் வெட்டுப்படும் கணம். அதற்கு முன் கரண்ட் போனால், அடுத்தமுறை கோப்பைத் திறக்கும்போது அநாதையாகக் கிடக்கும் ஜர்னலைக் கண்டு, பழைய பக்கங்களைத் திரும்ப எழுதிவிடும். கடனும் ஏறவில்லை, இருப்பும் குறையவில்லை. பழைய எண்ணை அழிக்காதே என்ற கொப்பிச் சட்டத்தை இயந்திரம் ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்கிறது. இதில் இன்று அன்றைவிட மேல் என்று தயங்காமல் சொல்வேன்.

மின்வெட்டை மென்பொருள் சமாளிக்கும். மனிதன் கவனிக்கவேண்டிய பிழை வேறு. இருப்பு சைபருக்குக் கீழே போகக்கூடாது என்று அட்டவணையில் நிபந்தனை போட்டிருக்கிறோம். பீப்பாவில் இருப்பதோ 15 லீற்றர். கடன் ஏறுகிறது. அடுத்து இருப்பில் 20ஐக் கழிக்கச் சொன்னதும் 'நிபந்தனை மீறல்' என்று எஸ்கியூலைட் மறுக்கிறது. இங்கேதான் பலர் தடுக்கி விழுகிறார்கள். பிழை வந்தால் முழுப் பரிவர்த்தனையும் தானாக ரத்தாகும் என்று நினைக்கிறார்கள். ஆகாது. வழக்கமான அமைப்பில் மறுக்கப்பட்ட அந்த ஒரு கட்டளை மட்டும்தான் திரும்பும். முன்னே ஏறிய கடன் அப்படியே இருக்கும். பரிவர்த்தனையும் திறந்தே இருக்கும். நிரல் பிழையைப் பாராமல் அடுத்த வரியில் கமிட் கொடுத்தால், மண்ணெண்ணெய் வாங்காத மனிதர் தலையில் கடன் விழும். சாக்கில் மா இல்லாமல் கூப்பனை வெட்டியது போலத்தான். 'ரோல்பேக்' கொடுத்து மீள்வது நிரல் எழுதியவரின் பொறுப்பு.

நேர்மாறான நிலையும் உண்டு. வட்டு நிரம்பியது, படிக்க எழுத முடியவில்லை, நினைவகம் போதவில்லை போன்ற கடும் பிழைகளில் எஸ்கியூலைட் முழுப் பரிவர்த்தனையையும் தானே ரத்து செய்யக்கூடும். அது தெரியாமல் நிரல் தொடர்ந்து ஓடினால், மிச்சக் கட்டளைகள் ஒவ்வொன்றும் தனித்தனியே உடனுக்குடன் பதிவாகும். பாதிக் கணக்கு மட்டும் கோப்பில் நிற்கும். எந்தப் பிழை வந்தாலும் ரோல்பேக் கொடுப்பதே நல்லது. ரத்துசெய்ய ஒன்றுமில்லையென்றால் அது இன்னொரு பிழையைச் சொல்லும். அதனால் கெடுதல் இல்லை. பிழையே சொல்லாமல் ஒரு வரியும் மாறாமல் போவதும் நடக்கும். 'இருப்பு 20க்குக் குறையாமல் இருந்தால் கழி' என்று எழுதினால், இல்லாதபோது அது அமைதியாக ஒன்றும் செய்யாது. எத்தனை வரி மாறியது என்று கேட்டுத்தான் அறியவேண்டும்.

சங்கக்கடையில் ஒரு கொப்பி, ஒரு பேனை. இருவர் ஒரே நேரத்தில் எழுத வழியில்லை. எஸ்கியூலைட்டிலும் ஒரு நேரத்தில் ஒருவரே எழுதலாம். இரண்டாவது ஆள் எழுத வந்தால் 'பிசி', அதாவது வேலையாக இருக்கிறது, என்ற பதில். நாம் காத்திருக்கச் சொல்லாவிட்டால் அது கொஞ்சமும் காத்திருக்காது. சில விநாடி பொறு என்று ஆரம்பத்திலேயே சொல்லிவைக்கவேண்டும். எழுதப்போகிறோம் என்று தெரிந்தால் 'பிகின் இமீடியட்' என்று தொடங்கி, முதலிலேயே பூட்டைக் கையில் எடுப்பது நல்லது. இல்லாவிட்டால் இருவரும் படித்துவிட்டு இருவரும் எழுத முயன்று, ஒருவரையொருவர் மறித்து நிற்பார்கள். கமிட்டே பிசி என்று திரும்பினாலும் வேலை போய்விடவில்லை. பரிவர்த்தனை திறந்திருக்கும், மறுபடி கமிட் கொடுக்கலாம்.

எஸ்கியூலைட்டில் 2010இல் வந்த 'வால்' (WAL) என்ற இன்னொரு முறையில் பழைய பக்கத்துக்குப் பதில் புதிய பக்கம் தனிக் கோப்புக்குப் போகிறது. எழுதுகிறவர் படிக்கிறவரை மறிப்பதில்லை. இரண்டு முறைக்கும் ஓர் எச்சரிக்கை பொருந்தும். காப்புப் பிரதி எடுக்கிறோம் என்று ஓடிக்கொண்டிருக்கும் தரவுக் கோப்பை மட்டும் பென்டிரைவில் பிரதி செய்து, பக்கத்திலிருக்கும் ஜர்னலையோ வால் கோப்பையோ விட்டுவிடக்கூடாது. அந்தத் துணைக் கோப்பு இல்லாத பிரதி கெட்ட பிரதியாக முடியலாம்.

அன்று கூப்பன் வெட்டியவருக்கு எதிரில் நிற்கிற பெண்ணின் முகம் தெரிந்தது. பிழை விட்டால் அவர்தான் அடுத்த நாள் வந்து கேட்பார். இன்று நிரல் எழுதுகிறவர் அந்தப் படகுக்காரரை ஒருநாளும் காணப்போவதில்லை. ஆகவே பிழையைப் பிடித்து ஒன்றும் செய்யாமல் விழுங்கிவிடும் நிரல்கள் பெருகியிருக்கின்றன. திரையில் 'பதிவு செய்யப்பட்டது' என்று பச்சை எழுத்து வரும். கோப்பில் ஒன்றும் இருக்காது. இதை நான் சிறு தவறாக நினைக்கவில்லை. ஒருவருடைய கடன் கணக்கு அது.

கோணேசபுரிப் பல்கலைக்கழக வளாகத்திலும் வேறெங்கும் கணினி படிக்கும் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் முதல் கணக்குச் செயலியை எழுதி முடித்ததும், நன்றாக ஓடுகிறதா என்று மட்டும் பார்த்து நிறுத்தாதீர்கள். இருப்பைக் குறைவாக வைத்து விற்றுப் பாருங்கள். இரண்டு திரையிலிருந்து ஒரே நேரத்தில் எழுதுங்கள். பாதியில் மின்கம்பியைப் பிடுங்குங்கள். பிறகு கோப்பைத் திறந்து, கடனும் இருப்பும் பொருந்துகின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகே கடைக்காரரிடம் கொடுங்கள்.